அஸ்-ஸூஃபியின் சிறு முகிலும் நமது கரையும்

வான நூல் வரலாற்றிலே இரண்டே சொற்களாலான ஓர் அரபுத் தொடருக்குத் தனியிடம் உண்டு. ‘லத்கா ஸஹாபிய்யா’ என்பது அத்தொடர். ‘ஸஹாப்’ முகிலைக் குறிக்கும் என்பது நம் வாசகர் அறிந்ததே. ‘லத்கா’ என்பது துணியிலோ தாளிலோ மை பட்டுப் பரவிய கறை. இரண்டையும் சேர்த்து ‘முகிற்கறை’ என்று நாம் தமிழாக்கலாம். ரய் நகரில் பிறந்து, இஸ்ஃபஹானில் வானாய்வு நடத்திய அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி (903–986), தமது ‘கிதாபு ஸுவரில் கவாகிப்’ என்னும் நூலில் இக்கறையைக் குறித்து வைத்தார். கிரேக்கர் சங்கிலியிட்ட பெண்ணாகக் கற்பித்த உடுக்கூட்டத்தின் மேல், அரபு நாடோடிகள் ஒரு பெரிய மீனைக் கண்டனர். அம்மீனின் வாயருகே அக்கறை இருக்கிறது என்பது அவர் தரும் செய்தி. நூல் எழுந்தது ஹிஜ்ரி 353, அதாவது கி.பி. 964ஆம் ஆண்டையொட்டி. அவர் சுட்டிய கறையை உலகம் இன்று ஆண்ட்ரோமீடா கேலக்ஸி என்கிறது. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது, நமது பால்வீதிக்கு ஒப்பான மற்றொரு விண்மீன் மண்டலம்.

அஸ்-ஸூஃபி இதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதுண்டு. அம்முழக்கம் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நாம் கருதவில்லை. தெளிந்த வானில் கூர்ந்து நோக்கும் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடிய பொருள் அது. அவருக்கு முன்னும் ஆயிரமாயிரம் இடையர்களும் ஒட்டகம் மேய்த்தோரும் அதனைக் கண்டிருப்பர். நமக்குக் கிடைத்துள்ள எழுத்துப் பதிவுகளில் ஐயத்துக்கிடமின்றி முதலாவது அவருடையது என்பதே சரியான கூற்று. கண்டவர் பலர், இடம் குறித்து எழுதி வைத்தவர் ஒருவர். அறிவு வரலாற்றில் இரண்டாமவருக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் எழுதிய முறையும் நோக்கத் தக்கது. தாலமி வகுத்த 48 உடுக்கூட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, விண்மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் மீண்டும் மதிப்பிட்டார். முன்னோர் கணக்கோடு வேறுபட்ட இடங்களில் அதனை வெளிப்படக் கூறினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள் வரையப்பட்டன: தரையில் நின்று வானைப் பார்ப்பவருக்குத் தோன்றுமாறு ஒன்று, வான்கோளத்தை வெளியிலிருந்து பார்த்தால் தோன்றுமாறு இடவலம் மாற்றி ஒன்று. கருவி வழியே வானைப் படமெடுப்போர் அறிவர், இடவலம் மாறிய படம் எத்துணைக் குழப்பம் தரும் என்பதை. அவ்விடர்ப்பாட்டை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே உணர்ந்து இரு படங்கள் வைத்த ஆசிரியர் அவர். புவைஹித் மன்னர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் தோன்றிய இந்நூலின் அரபு மூலத்தை 1954இல் அச்சிட்டு உலகுக்கு அளித்தது நம் நாட்டு ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனமே. ஹைதராபாதுக்கு நாம் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

அந்நூலில் நம் கரையோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. தென்வானில் ஸுஹைல் என்னும் பேரொளி மீனைப் பற்றிப் பேசுமிடத்தில் (நம் தமிழர் அதனை அகத்திய மீன் என்பர்) அதற்கும் கீழே சில வெண்ணிற மீன்கள் உள்ளன என்றும், அவை இராக்கிலும் நஜ்திலும் தெரிவதில்லை என்றும், திஹாமா மக்கள் அவற்றை ‘அல்பகர்’, அதாவது மாடுகள், என்பர் என்றும் சிலர் கூறுவதாக எழுதுகிறார். எழுதிவிட்டு, தாலமி இவற்றைக் கூறவில்லை, இது மெய்யோ பொய்யோ நாம் அறியோம் என்ற கருத்தில் முடித்துவிடுகிறார். தாம் காணாததைக் காணாதது என்றே விட்ட அந்நேர்மையை நம் மாணவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். பின்வந்தோருக்கு அந்நிதானம் இல்லை. அல்பகர் என்பது பெரிய மெகல்லன் முகிலே, பாபுல் மந்தப் நீரிணையிலிருந்து தெரிவதாக அஸ்-ஸூஃபி அதனை விவரித்தார் என்று ஐரோப்பிய நூல்கள் எழுத, நம்மவரும் வழிமொழிந்து வருகின்றனர். மூலத்திலோ முகில் என்ற சொல் அவ்விடத்தில் இல்லை. மீன்கள் என்றே உள்ளது. எனவே அது ஊகம். பொருந்தக்கூடிய ஊகம்தான், ஆயினும் ஊகமே.

பாபுல் மந்தப் என்ற பெயர் எழுந்ததால் ஓர் ஒற்றுமையைக் கூறுவோம். அந்நீரிணை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகையில் அமைந்துள்ளது. மாமல்லபுரமும் ஏறத்தாழ அதே கோட்டில்தான். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் நிற்கும் காவலூரும் அதே கோட்டில்தான். ஏமனின் தென்முனை மாலுமி, காவலூர் விஞ்ஞானி, மாமல்லபுரத்து மீனவர் ஆகிய மூவரின் தலைக்கு மேலும் சுழல்வது ஒரே வானம். பெரிய மெகல்லன் முகில் மூன்று இடத்திலும் தென்தொடுவானுக்கு மேல் ஏழு பாகை அளவே எழும். காவலூர் காணும் எதனையும் நமது கடற்கரையும் காணும் உரிமையுடையது. மலையின் உயரமும் காற்றின் வறட்சியும் இருளுமே வேறுபாடு.

இக்கோட்டின் கணக்கு நம் மூதாதையருக்குத் தெரியாததன்று. அரபு மாலுமிகள் துருவ மீனின் உயரத்தை ‘இஸ்பஃ’ எனப்படும் விரல் அளவால் கணித்தனர். முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகை ஒன்று அதற்குக் கருவி. அதனைக் ‘கமால்’ என்றனர். நம் கடலோடிகளிடம் அதுவே இராப்பலகை. அரபு கடல்நூல்கள் சோழமண்டலத்து மாலுமிகளைச் ‘சூலியான்’ என்று பெயர் சுட்டிப் பேசுகின்றன. மாலுமி என்னும் தமிழ்ச் சொல்லே ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது. அரபுக் கல்லூரியில் பாடம் சொல்லும் நாமும் முஅல்லிம்தான். ஆயின், விண்மீன் பார்த்துக் கலம் செலுத்திய முஅல்லிம்களின் பெயரைப் பாதியே நாம் தாங்கி நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில், அமாவாசையையொட்டிய இரவுகளில், காமிராவும் முக்காலியும் கொண்டு இளைஞர் சிலர் கூடுவதை நாம் கண்டதுண்டு. பகலில் கணிப்பொறி அலுவல், இரவில் விண்மீன் என்று வாழ்பவர்கள். அவர்களது முதல் வேலை, சுழல்தாங்கியின் அச்சைத் துருவ மீனை நோக்கித் திருப்பி, பன்னிரண்டரைப் பாகைக்கு உயர்த்துவது. கமால் பிடித்த மாலுமி செய்த அதே செயல். காரணம் எளிது. புவி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அசையாத காமிராவைச் சில விநாடிகளுக்கு மேல் திறந்து வைத்தால் மீன்கள் புள்ளியாகப் பதியாமல் கோடாக இழுபடும். புவியின் அச்சுக்கு இணையான அச்சில் காமிராவும் எதிர்த்திசையில் சுழன்றால், பல நிமிடங்கள் ஒளியைச் சேர்க்கலாம். மங்கலான பொருளுக்கு ஒரு படம் போதாது. ஒரே இடத்தை நூறு முறை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். காமிராவின் தற்செயல் இரைச்சல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு மங்க, மெய்யான ஒளி மட்டும் மிகும். அறிவிப்பாளர் தொடர்கள் பலவற்றை ஒப்புநோக்கி உண்மை தெளியும் ஹதீஸ் கலையின் நெறி நம் நினைவுக்கு வந்தது.

இவர்களுக்கு நம் கரை எளிதில் வசப்படுவதில்லை. பன்னிரண்டு பாகை உயரத்தில் நிற்கும் துருவ மீன் வடக்கே சென்னையின் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கிறது. கடற்காற்றின் ஈரம் நள்ளிரவுக்குள் வில்லையின் மேல் பனியாகப் படிகிறது. அதைத் தடுக்க வில்லையைச் சுற்றி மின்சூட்டுப் பட்டை கட்டுகின்றனர். உப்போ உலோகத்தைத் தின்கிறது. அன்று அவர்கள் ஆண்ட்ரோமீடாவைத் தேடிச் செல்லும் வழியிலுள்ள மீன்களின் பெயர்களைக் கைப்பேசித் திரையில் காட்டிப் பொருள் வினவினர். ‘அல்ஃபெராட்ஸ்’ என்பது ‘ஸுர்ரத்துல் ஃபரஸ்’, குதிரையின் கொப்பூழ். ‘மிராக்’ என்பது ‘மிஃஸர்’, இடையாடை. எழுத்துப் பெயர்ப்பில் சிதைந்தது. ‘அல்மாக்’ என்பது ‘அனாக்குல் அர்ள்’, பாலைவனத்துக் காட்டுப்பூனை. நாம் சொல்லச் சொல்ல அவர்கள் வியந்தனர். நமக்கு அதைவிட வியப்பு: பெயர்களின் பொருள் அறிந்த நமக்கு மீன்களின் இடம் தெரியவில்லை, இடம் அறிந்த அவர்களுக்குப் பொருள் தெரியவில்லை.

நெபுலாவையும் கேலக்ஸியையும் முதன்முதல் படமெடுத்தவர்களும் இத்தகைய ஆர்வலர்களே என்பது பலர் அறியாதது. ஓரியன் நெபுலாவை 1880 செப்டம்பர் 30 அன்று முதலாவதாகப் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்றவர். வானியல் அவருக்குச் சொந்த ஆர்வம். 1883இல் அதே நெபுலாவைக் கண்ணுக்குத் தெரியாத விவரங்களோடு பதித்த ஆண்ட்ரூ காமன் ஒரு பொறியாளர். அஸ்-ஸூஃபியின் முகிலுக்குச் சுருள் வடிவம் உண்டு என்று 1888இல் உலகுக்குக் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ் கட்டடத் தொழில் செய்தவர். அது வாயு முகிலா, விண்மீன்களின் தொகுதியா என்ற வழக்கு அப்போதும் தீரவில்லை. 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் எடுத்த ஒளிப்படத் தகட்டில், ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்று சிக்கியது. அதன் துணையால் தொலைவு கணக்கிடப்பட்ட பின்னரே, அம்முகிற்கறை நம் பால்வீதிக்கு வெகு அப்பாற்பட்டது என்பது தெளிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை வானாய்வகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியால் நிறுவப்பட்டது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூணில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒரு வாசகம் பொறித்தனர். கணித அறிவியல் ஆசியாவில் பிரிட்டிஷாரின் தாராளத்தால் முதன்முதலாக நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின்வருவோர் அறியட்டும் என்பது அதன் கருத்து. அஸ்-ஸூஃபியின் நூலுக்கு அப்போதே எண்ணூற்றுச் சொச்சம் வயது. கல்லில் பொறித்தாலும் செருக்கு செருக்கே. ஆயினும் அங்கிருந்தோரின் உழைப்பை மறுப்பது நீதியாகாது. அவ்வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், விண்மீன் கணக்கோடு நில்லாமல், மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ‘ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்’ ஏட்டில் 1798இல் கட்டுரை வரைந்தார். அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளிமாறும் மீனைக் கண்டறிந்தார். அம்மீன் சென்னையிலிருந்து தென்தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 14 பாகையே எழும். பெரிய மெகல்லன் முகிலின் அண்டை வீட்டுக்காரன். அவ்வளவு தாழ்ந்த மங்கலான மீனை அன்று நுங்கம்பாக்கத்திலிருந்து அளக்க முடிந்தது. இன்று அவ்வுயரத்தில் நுங்கம்பாக்கத்துக்குத் தெரிவது அடுக்குமாடியின் மேல்தளம். 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் தமிழகத்தின் குறுக்கே சென்றபோது, தொட்டபெட்டா முகட்டில் கர்னல் டென்னன்ட் குழுவினர் சூரிய வளிமண்டலத்தைப் படமெடுத்தனர்.

அவையெல்லாம் அரசின் பணிகள். ஓர் ஆர்வலர் தம் கைப்பொருளால் செய்ததைக் காண ஹைதராபாதுக்குத் திரும்ப வேண்டும். நவாப் ஸஃபர் ஜங் அந்நகரின் பிரபு. வானியலில் கொண்ட ஈடுபாட்டால் 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து, 1901இல் தமது நிலத்தில் வானாய்வகம் அமைத்து, அதற்கு நிஜாமின் பெயரைச் சூட்டினார். 1907இல் அவர் மறைந்ததும், 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றது. பாரிஸில் 1887இல் கூடிய மாநாடு, வானம் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிக்க உலக வானாய்வகங்களுக்குப் பங்கு பிரித்திருந்தது. சிலி நாட்டுச் சாந்தியாகோ நிறைவேற்றாது விட்ட தென்வானப் பகுதி, –17 முதல் –23 பாகை வரை, ஹைதராபாதின் பங்காயிற்று. 1914 தொடங்கி 1929 வரை அங்குத் தகடுகள் எடுக்கப்பட்டன. மீன்களின் இடங்கள் ஒவ்வொன்றாக அளந்து தொகுதிகளாக அச்சேறின. பின்னர் வடவானில் மேலும் ஒரு பகுதியையும் ஏற்று முடித்தனர். ஒரு நவாபின் தனிப்பட்ட ஆசை உலகப் பணியாக முதிர்ந்த வரலாறு இது. நம் சமுதாய வரலாறுகளில் அவர் கட்டிய கட்டடங்களும் நடத்திய விருந்துகளும் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படவில்லை.

அந்நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தவர் ஒருவரின் மகன், அக்கருவிகளுக்கிடையே வளர்ந்தான். 1927இல் சென்னையில் பிறந்த வைணு பாப்புவே அச்சிறுவன். 1949இல் ஹார்வர்டில் ஒளிப்படத் தகட்டில் வால்மீன் ஒன்றைக் கண்டு தம் பெயரை அதற்குத் தந்தார். நாடு திரும்பி, இருண்ட வானம் தேடி அலைந்து காவலூரைத் தேர்ந்தார். 1968இல் அங்கு முதல் கருவி இயங்கியது. அவர் 1982இல் மறைந்த பின், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது. ஸஃபர் ஜங்கின் முற்றத்திலிருந்து ஜவ்வாது மலை வரை நீளும் இக்கோட்டில், அறிவு மதம் பார்த்துக் கை மாறவில்லை.

காவலூர் இருளைத் தேடிப் போயிற்று. நம் கரையோ இருந்த இருளையும் இழந்து வருகிறது. மாமல்லபுரத்து ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சி 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. கடலோடிக்கு வழி காட்ட ஒரே ஒரு விளக்கு. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் விடுதிகளின் ஒளி. தெற்கே கல்பாக்கத்து வெளிச்சம், பெரிய மெகல்லன் முகில் தலை நீட்டும் அதே திசையில். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் ஒளிமிக்க தொடுவானைக் கடலென்று நம்பி, சாலைப் பக்கம் ஊர்ந்து மடிகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓரியன், கரினா போன்ற நெபுலாக்களில் ஹைட்ரஜன் வாயு, 656 நானோமீட்டர் என்னும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. அதனை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தினால், சென்னை மாடியிலிருந்தே அவற்றைப் படமெடுக்கலாம், எடுக்கவும் செய்கின்றனர். கேலக்ஸிகளின் கதை வேறு. அவற்றின் ஒளி கோடானுகோடி விண்மீன்களின் கலவை. எல்லா நிறமும் அதில் உண்டு. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளை ஓரளவு வடிகட்ட இயன்றது. அவற்றை அகற்றி வைத்த எல்.இ.டி. விளக்குகளின் வெள்ளொளியிலும் எல்லா நிறமும் உண்டு. இரண்டையும் பிரிக்கும் வடிகட்டி இல்லை. ஆக, தெருவிளக்கு பறித்துக்கொள்வது குறிப்பாக அஸ்-ஸூஃபியின் முகிலையே. விளக்கை மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்புவதும், தேவையற்ற நேரத்தில் அணைப்பதுமே மருந்து.

பிறரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நமது பள்ளிவாசல் மினாராக்களின் மேல் இரவு முழுவதும் கீழிருந்து வானை நோக்கிப் பாய்ச்சப்படும் விளக்குகள் எதற்கு? தொழுகை நேரங்களையும் கிப்லாவையும் விண்ணின் துணையால் வகுத்த சமுதாயம், தன் வணக்கத்தலத்தின் அழகுக்காக அவ்விண்ணை மறைப்பது பொருந்துமா என்று ஜமாஅத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். இஷாவுக்குப் பின் அவற்றை அணைப்பதால் மினாரா உயரம் குறையப்போவதில்லை.

நம்மவர் வானை நோக்குவது இன்று பெரும்பாலும் மாதம் ஒருமுறை, பிறைக்காக. அதிலும் காமிரா புகுந்துவிட்டது. பிரெஞ்சு ஆர்வலர் தியெரி லெகோ, 2013 ஜூலை 8 அன்று, அமாவாசை நிகழும் அதே கணத்தில், பட்டப்பகலில் பிறையின் மெல்லிய வளைவைப் படமெடுத்தார். எந்த மனிதக் கண்ணாலும் காண இயலாத பிறை அது. அத்தகைய படம் ‘காணுதல்’ ஆகுமா என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் முடிவு செய்ய வேண்டிய வினா. நாம் அதில் தலையிடவில்லை. கருவி காண்பதும் கண் காண்பதும் இரு வேறு செயல்கள் என்பதை மட்டும் இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் அறிந்து பேசினால் போதும்.

அஸ்-ஸூஃபியின் முகிலோ இன்னும் வற்றிவிடவில்லை. 2023இல் ஐரோப்பிய ஆர்வலர்கள் சிலர் ஒரு செய்தி வெளியிட்டனர். உலகிலேயே மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவின் அருகில், ஆக்சிஜன் வாயு ஒளிரும் மாபெரும் வில் ஒன்று அவர்களது நீண்ட நேரப் படங்களில் பதிந்திருந்தது. நிலவின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளம். மாபெரும் வானாய்வகங்கள் நூறாண்டுகளாக அப்பக்கம் நோக்கியும் தவறவிட்ட ஒன்றைச் சிறிய தொலைநோக்கிகள் கண்டன.

நம் கரையிலிருந்து ஆண்ட்ரோமீடாவைக் காணப் பருவம் பார்க்க வேண்டும். அது உச்சிக்கு வரும் நவம்பர் இரவுகளை வடகிழக்குப் பருவமழை மறைத்துவிடும். ஆகஸ்டு நள்ளிரவில் வடகிழக்கே கடலின் மேல் எழும். அப்போது முகில் விலக வேண்டும். வானம் நம்பிக்கைக்குரியதாவது ஜனவரி இறுதியில். நிலவற்ற நாளில் இஷா தொழுது வெளியே வந்தால் வடமேற்கே, தொடுவானுக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். அத்திசையில்தான் மறைமலை நகரும், அதற்கு அப்பால் சென்னைப் புறநகரும் இருக்கின்றன. மிராக்கிலிருந்து கீழ்நோக்கி இரண்டு மங்கலான மீன்களைத் தாண்ட வேண்டும். இரண்டாவது மீன் தெரிந்தால் கறையும் தெரியும். சென்ற ஜனவரியில் முதலாவது மட்டும் நமக்குத் தெரிந்தது.